முடியப்பன் என்பவர் யார்? கடற்கரைக் கத்தோலிக்கப் பெயர்களின் பொருளைத் தேடும் வழி

என் தாத்தாவின் பெயர் முடியப்பன். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று குடும்ப விவரம் கேட்ட ஆசிரியர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "முடிக்கு ஓர் அப்பனா?" என்றார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து தாத்தாவிடமே கேட்டேன். வலையை மடியில் போட்டுக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தவர், "கோவில்ல வச்ச பேரு" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கும் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. எங்கள் பங்குக் கோவிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில், பழுப்பேறிய மையில், லத்தீனில் ஸ்தெபானுஸ் என்று எழுதியிருந்தது. கிரேக்க மொழியில் 'ஸ்தெபனோஸ்' என்றால் மகுடம். முதல் வேதசாட்சியான ஸ்தேவானின் பெயரை யாரோ ஒருவர் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துத் தமிழாக்கியிருக்கிறார். முடிசூடிய மூவேந்தர் என்கிறோமே, அந்த முடிதான் தாத்தாவின் பெயரில் இருப்பது. அன்று அந்த ஆசிரியருக்கு விடை சொல்ல முடியாமல் நின்ற பையனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தூத்துக்குடிக் கரையிலும் அதைச் சுற்றியும் இப்படிப்பட்ட பெயர்கள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றின் பொருளை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் பெயரின் கடைசியில் இருக்கும் அப்பன், அம்மாள், சாமி, நாதன் போன்றவற்றைக் கழற்றி வையுங்கள். மிஞ்சுவது நல்ல தமிழ்ச் சொல்லாக இருந்தால், அது மொழிபெயர்ப்பாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சின்னப்பன் என்ற பெயரைப் பலரும் சித்தப்பா முறை என்று நினைக்கிறார்கள். லத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சிறியவர். பவுல் அடிகளார்தான் சின்னப்பர். அருளப்பன் என்பது யோவான். எபிரேய மொழியில் 'யோஹனான்' என்றால் கடவுள் அருள் கூர்ந்தார் என்று பொருள். ரஷ்யாவின் இவானும் ஸ்பெயினின் ஹுவானும் நம் ஊர் அருளப்பனும் ஒரே பெயர்க்காரர்கள். லிஸ்பனில் பிறந்து 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோவை நம் மக்கள் அருளானந்தர் என்று அழைப்பதிலும் அதே அருள் இருக்கிறது.

மிஞ்சுவது தமிழாகத் தோன்றவில்லை என்றால், ஒலி மாறி வந்த பெயர் அது. வாய்விட்டு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். சந்தியாகு என்ற பெயரைத் தியாகத்தோடு சேர்த்துப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. அதைச் 'சந்த்' என்றும் 'இயாகு' என்றும் பிரியுங்கள். 'சந்த்' என்றால் புனிதர். 'இயாகோ' என்பது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தில் யாக்கோபுக்கு வழங்கும் வடிவம். யாக்கோபு என்ற பெயரின் வேரில் இருப்பது குதிகால். தாயின் வயிற்றிலிருந்து வரும்போதே அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் என்கிறது ஆதியாகமம். ஆக, ஒரே தெருவில் இருக்கும் சந்தியாகு, யாகப்பன், ஜேம்ஸ் மூவருக்கும் ஒரே பெயர்தான். சூசை என்பதும் யோசேப்பு ஒலி மாறி வந்ததே. சவேரியார் விஷயம் வேறு. அது ஆள் பெயராகத் தொடங்கவே இல்லை. அவர் 1506இல் நவார் நாட்டில் பிறந்த கோட்டையின் பெயர் அது. பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்று பொருள். சாவேரி ராகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பெண்களின் பெயர்களுக்கு வரும்போது மாதாவின் பட்டங்களைத் தேடுங்கள். வியாகுலம், சகாயம், ஆரோக்கியம், அமலோற்பவம் எல்லாம் மரியாளை அழைக்கும் பெயர்கள்தான். இவற்றில் என் மனம் போய் நிற்பது பனிமயத்தில். தூத்துக்குடியில் பனி பெய்வதில்லை. ஆகஸ்டு 5, பனிமய மாதா திருநாள் அன்று, உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூசவைக்கும், காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். அந்த நெரிசலில் "பனிமயம்!" என்று ஒரு தாய் மகளைக் கூப்பிட்டால் நாலு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் பனி ரோமாபுரியின் பனி. நான்காம் நூற்றாண்டில், கடும் கோடையில், எஸ்குலின் குன்றின்மேல் பனி பெய்து மாதாவுக்குக் கோவில் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டியதாக ஒரு மரபுக்கதை உண்டு. அங்கே இன்று நிற்பது புனித மரியா பேராலயம். அந்தக் கதை போர்ச்சுக்கீசியரோடு கப்பலேறி வந்து, பனியைக் கண்ணால் பார்த்திராத பெண்களின் பெயராகிவிட்டது.

மாதா பெயர்கள் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். மாதா லூர்தில் காட்சி கொடுத்தது 1858இல். அதற்கு முன்பு பிறந்த மூதாட்டி ஒருவரை யாராவது லூர்தம்மாள் என்று சொன்னால், ஆண்டையோ ஆளையோ மாற்றிச் சொல்கிறார்கள். அதுபோலவே பாத்திமா மேரி என்ற பெயர் 1917க்குப் பிறகுதான் வந்திருக்க முடியும். பாத்திமா போர்ச்சுகலில் ஒரு சிற்றூர். ஊரின் பெயரோ நபிகள் நாயகத்தின் மகளுக்கும் உரிய அரபுப் பெயர்.

குடும்பப் பெயர்களில் மட்டும் நிதானம் வேண்டும். பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ் என்று இருப்பதால் உங்கள் முன்னோர் போர்ச்சுகலிலிருந்து வந்தவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். 1530களில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோதும் அதன் பிறகும் போர்ச்சுக்கீசியப் பெயர்களை ஏற்றார்கள். பெயர் வந்த வழி வேறு, இரத்தம் வந்த வழி வேறு. பர்னாந்து என்பது ஜெர்மானிய வேர் கொண்டது. பயணம், துணிவு என்ற இரண்டு சொற்களிலிருந்து பிறந்தது என்பார்கள். கடலோடிகளுக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைத்திருக்காது. மச்சாது என்றால் கோடரி. குரூஸ் என்றால் சிலுவை. தூத்துக்குடிக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தின் பெயரிலும், எதிர்வீட்டுச் சிலுவையின் பெயரிலும் இருப்பது ஒரே மரம். ஒன்று போர்ச்சுக்கீசிய வழியாக வந்தது, மற்றது சிரிய மொழி வழியாக வந்தது.

இவ்வளவும் ஊகம்தான். உறுதி செய்ய வேண்டிய இடம் பதிவேடு. பெரியவர் பிறந்த ஆண்டு, பெற்றோர் பெயர், ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பழைய ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். யாகோபுஸ், பவுலுஸ், யோவான்னெஸ் என்ற வடிவங்களை மனதில் வைத்துத் தேடினால் வரி சீக்கிரம் அகப்படும். பெயரைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள், தேதியையும் பாருங்கள். என் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது டிசம்பர் 27. ஸ்தேவான் திருநாள் டிசம்பர் 26. பிறந்த நேரத்துப் புனிதரின் பெயரை வைத்துவிட்டார்கள். தேதி பொருந்தவில்லை என்றால் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்கள் இருக்கும் கட்டத்துக்குப் போங்கள். பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம், அல்லது தகப்பனின் தகப்பனிடமிருந்து வந்திருக்கலாம். அந்தோணி என்றிருந்தால் எந்த அந்தோணியார் என்பதைக்கூடத் தேதி சொல்லும். ஜனவரி 17 வனத்து அந்தோணியாருக்கு உரியது, ஜூன் 13 பதுவை அந்தோணியாருக்கு உரியது. ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதாவது குறித்திருந்தால் அதையும் படியெடுங்கள். பின்னாளில் எந்தக் கோவிலில் திருமணம் நடந்தது என்பது அங்கேதான் இருக்கும், அடுத்த தலைமுறையைத் தேட வேண்டிய ஊர் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், சாமியாருக்கு நேரம் இருக்காது. வார நாளில் காலைப் பூசை முடிந்ததும் போய்க் கேளுங்கள். தாள் பொடிந்துவிடும், ஏட்டை விரித்து மேசைமேல் வைத்தே புரட்டுங்கள்.