கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபையரும் சேலத்துச் சித்திரை வெயிலும்: வீட்டில் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பலரும் கிளாஸ் ஏ வகையை (பாட்டு இல்லாதபோதும் மின்னோட்டம் குறையாமல் ஓடும் வகை) நாடுவதற்கு அதன் சுற்று எளிமையாக இருப்பதே காரணம். ஜான் லின்ஸ்லி ஹூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1969இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட 10 வாட் சுற்றில் சேனலுக்கு நான்கே டிரான்சிஸ்டர்கள்தான். ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில் அதன் போர்டைச் சால்டர் செய்து முடித்துவிடலாம். சுற்று சிறியது, ஆகவே வேலையும் சிறியது என்று எண்ணிவிடுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறந்த பிள்ளைகள். கிளாஸ் ஏ செய்வது என்பது பாதிக்கு மேல் வெப்பத்தை வெளியேற்றும் வேலை. மீதியில் பெரும்பங்கு பவர் சப்ளை வேலை. ஒலிச் சுற்றுக்கு அவ்விரண்டுக்கும் பிறகே இடம்.

சாதாரணக் கடை ஆம்ப்ளிஃபையரில் பாட்டு இல்லாதபோது வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். கிளாஸ் ஏ-யில் அந்த ஓய்வு கிடையாது. ஹூட்டின் சுற்று 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியரை இடைவிடாமல் இழுக்கிறது. அதாவது சேனலுக்கு 32 வாட், ஸ்டீரியோவுக்கு 65 வாட். சத்தத்தைக் குறைத்து வைத்தால் சூடும் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. பாட்டு ஓடும்போது இந்த 65 வாட்டில் ஒரு பகுதியாவது ஸ்பீக்கருக்குப் போகிறது, மௌனத்திலோ முழுவதும் டிரான்சிஸ்டரிலேயே எரிகிறது. எனவே ஹீட் சிங்க் (டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் துடுப்புள்ள உலோகத் துண்டு) போதுமா என்பதைப் பாட்டுப் போட்டுச் சோதிக்கக் கூடாது; ஒன்றும் போடாமல் இரண்டு மணி நேரம் ஓடவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட குறிப்புகள் அறை வெப்பநிலையை 20 அல்லது 25 டிகிரி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. சேலத்தில் சித்திரை மாதப் பிற்பகலில் வெளியே 40 டிகிரியைத் தொடும். ஓட்டு வீட்டுக்குள்ளோ மொட்டை மாடியை ஒட்டிய அறையிலோ அது பெரிதும் குறைந்துவிடாது. வாட்டுக்கு 1 டிகிரி ஏறும் ஹீட் சிங்க்கில் ஒரு சேனலின் 32 வாட்டை ஏற்றினால், லண்டன் அறையில் அது 57 டிகிரியில் நிற்கும்; நம் அறையில் 72 டிகிரி, கை வைக்க முடியாது. செலவை மிச்சப்படுத்த இரண்டு சேனல்களையும் அதே ஹீட் சிங்க்கில் பூட்டினால் 105 டிகிரி, அதாவது தண்ணீர் கொதிக்கும் சூடு. சேனலுக்கு ஒன்றாகத் தனி ஹீட் சிங்க்கும், ஒவ்வொன்றும் வாட்டுக்கு 0.6 டிகிரி அல்லது அதைவிடக் குறைவாகவும் இருந்தால்தான் கோடையிலும் 60 டிகிரிக்குள் நிற்கும். பார்வைக்கு இது மிகையாகத் தெரியும். கிளாஸ் ஏ-யில் மிகை என்று தோன்றுகிற அளவே பெரும்பாலும் சரியான அளவு.

ஒரு சேனலின் 32 வாட்டை இரண்டு வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் பகிர்ந்துகொள்கின்றன. இங்கே, அந்த இடத்தில் வைக்கும் 2என்3055 டிரான்சிஸ்டரின் தகவல் தாளைக் காட்டி, ‘115 வாட் தாங்கும் என்று போட்டிருக்கிறதே, 16 வாட்டுக்கு ஏன் இவ்வளவு பயம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 115 வாட், டிரான்சிஸ்டரின் உலோக உறை 25 டிகிரியில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். உறை சூடாக ஆக அது இறங்கி, 100 டிகிரியில் 66 வாட்டுக்கு வந்துவிடும். அதுவும் அசல் டிரான்சிஸ்டருக்கு. சந்தையில் இந்த எண் அச்சிட்ட போலிகள் ஏராளம். உள்ளே சிறிய சில்லை வைத்து மேலே பழைய பெயரைப் பொறித்திருப்பார்கள். விலை ஐயத்துக்கிடமாகக் குறைவாக இருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது. வாங்கியவற்றையும் போர்டில் ஏற்றும் முன் தனியாக ஒரு ஹீட் சிங்க்கில் பூட்டி, 20 வாட் அளவுக்கு அரை மணி நேரம் சூடேற்றிப் பார்த்துவிட வேண்டும். போலியில் பெரும்பகுதி அந்தச் சோதனையிலேயே உயிரை விட்டுவிடும்.

சேலத்துக்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு தவறும் இருக்கிறது. இரும்பாலை இருக்கும் ஊர் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு நமக்கு எளிதாகக் கிடைக்கிறது, பெட்டியும் கண்ணாடிபோலப் பளபளக்கும். ஆனால் அந்தத் தகட்டிலேயே டிரான்சிஸ்டரைப் பூட்டி அதையே ஹீட் சிங்க்காக நம்பிவிடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தின் திறனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; டிரான்சிஸ்டரின் அடியில் தகடு தகிக்கும்போது ஒரு சாண் தள்ளித் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பெட்டிக்கு எவர்சில்வர் இருக்கட்டும், வெப்பத்துக்கு அலுமினியமே வேண்டும். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமாக உருகிய காலமும் உண்டு என்பதால், இதில் ஊர்ப்பற்றுக்கும் குறை வராது. பழைய இரும்புக் கடைகளில், கழித்துப்போட்ட யு.பி.எஸ், இன்வெர்ட்டர்களின் தடித்த துடுப்புகள் கொண்ட ஹீட் சிங்க்குகளை எடை போட்டுத் தருவார்கள். புதிதாக வாங்குவதைவிட அவை எவ்வளவோ மேல்.

பூட்டும் விதத்தில் நேரும் தவறு எனக்கே நேர்ந்தது. இந்த டிரான்சிஸ்டரின் உலோக உறையே அதன் கலெக்டர் முனை, அதாவது மின்சாரம் ஓடும் மூன்று முனைகளில் ஒன்று. ஆகவே உறைக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மைக்கா தகடும், திருகுகளுக்கு மின்காப்புப் புஷ்களும் கட்டாயம். துளையிட்டபின் விளிம்பில் எழுந்து நிற்கும் பிசிறை நான் தேய்த்து எடுக்கவில்லை. திருகை இறுக்கியபோது அந்தப் பிசிறு மைக்காவைத் துளைத்துக்கொண்டு உறையைத் தொட்டுவிட்டது. மல்டிமீட்டரை வைத்துப் பத்து விநாடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காததால் ஃப்யூஸும், ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரும் ஒன்றாகப் போயின. துளையின் விளிம்பைப் பெரிய டிரில் பிட்டால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி மழிக்க வேண்டும். வெப்பப் பசையை மைக்காவின் இருபுறமும் ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாகத்தான் தடவ வேண்டும்; இட்லிக்குச் சட்னி வைப்பதுபோல அப்பினால் பசையே வெப்பத்துக்குத் தடையாகும்.

துடுப்புகள் செங்குத்தாக நின்றால்தான் சூடான காற்று மேலெழும். படுக்க வைத்தாலும், ஹாலில் உள்ள ஷோகேஸுக்குள் அழகுக்காக வைத்து மூடினாலும், போட்ட கணக்கெல்லாம் வீண். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் வீட்டோடு விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: பறக்கும் பஞ்சு துடுப்புகளுக்கிடையே படிந்து, சில மாதங்களில் ஹீட் சிங்க்குக்குக் கம்பளி போர்த்தியதுபோல ஆகிவிடும். பிரஷ்ஷால் அவ்வப்போது தட்டிவிட வேண்டும். ஏற்காட்டில் இருப்பவர்கள் குளிரை நம்பிச் சிறிய ஹீட் சிங்க் போதும் என்பார்கள். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. குளிர் தந்ததில் ஒரு சிறு பகுதியை மெலிந்த காற்று திரும்ப வாங்கிக்கொள்ளும். இருந்தாலும் மொத்தத்தில் அவர்களுக்கு லாபமே. அங்கே உண்மையான கவலை மூடுபனியின் ஈரமும் கோடை இடியும்தான். போர்டில் ஃப்ளக்ஸை (சால்டர் ஒட்ட உதவும் பொருள்) மிச்சம் வைக்காமல் துடைக்க வேண்டும், இடி இடிக்கும்போது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்.

ஃப்ளக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊரில் பற்றவைப்பு எல்லோருக்கும் தெரிந்த கலை என்பதால், அங்கே பயன்படும் வெண்காரத்தையோ, தகரவேலைக்காரர்களின் அமில ஃப்ளக்ஸையோ போர்டில் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. வெண்காரம் சால்டரிங் அயனின் சூட்டில் உருகவே உருகாது, அமிலமோ செம்பை அரித்துத் தின்னும். பிசின் ஊடாக ஓடும் சாதாரண மின்னணு ஈயமே இதற்கு உரியது.

இனி பவர் சப்ளை. வைண்டிங் கடையில் ‘25 வோல்ட், 3 ஆம்பியர்’ என்று சொல்லி டிரான்ஸ்ஃபார்மர் சுற்றச் சொல்வது மிகப் பரவலான பிழை. இரண்டு சேனலும் சேர்ந்து இழுப்பது 2.4 ஆம்பியர் டி.சி. என்பது சரிதான். ஆனால் ரெக்டிஃபையருக்குப் பின் பெரிய கெப்பாசிட்டர் இருக்கும்போது, டிரான்ஸ்ஃபார்மர் அந்த மின்னோட்டத்தைச் சீராகத் தருவதில்லை. ஒவ்வொரு அரைச் சுழற்சியின் உச்சியிலும் குறுகிய துடிப்புகளாகக் கொட்டுகிறது. அதனால் சுருளைச் சூடாக்கும் பயனுறு மின்னோட்டம் ஏறத்தாழ 1.8 மடங்காகி 4.3 ஆம்பியருக்கு வந்துவிடும். 150 வி.ஏ. அளவுக்குக் குறைந்த டிரான்ஸ்ஃபார்மர் நாள் முழுதும் தாங்காது. அதே கணக்கில் இன்னொரு கண்ணியும் உண்டு: 25 வோல்ட் ஏ.சி. என்றால் கெப்பாசிட்டரில் 33 வோல்ட் நிற்கும் என்று பார்த்து 35 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்குகிறார்கள். இரவில் லைன் வோல்ட்டேஜ் 250க்கு ஏறினால் அது 36ஐத் தாண்டும். 50 வோல்ட்டுக்கும் 105 டிகிரிக்கும் உரியதை வாங்கி, ஹீட் சிங்க்கிலிருந்து தள்ளி வைப்பதே முறை. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்திலும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

செய்து முடித்தவர்களின் முதல் புகார் எப்போதும் ஸ்பீக்கரில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற ஹம் சத்தம்தான். மற்ற வகை ஆம்ப்ளிஃபையரில் மௌனத்தின்போது மின்னோட்டம் சொற்பம் என்பதால் ரிப்பிளும் (டி.சி.யில் எஞ்சும் ஏற்ற இறக்கம்) சொற்பம். கிளாஸ் ஏ-யில் இரவும் பகலும் ஒரே இழுப்பு. 10,000 மைக்ரோஃபாரட் வைத்தாலும் 2.4 ஆம்பியரில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் 2 வோல்ட் அளவுக்கு நிற்கும். கெப்பாசிட்டரை இரட்டித்தால் பாதியாகுமே தவிர மறையாது. மேலும் மேலும் கெப்பாசிட்டர் சேர்த்துக்கொண்டே போவதை விட்டு, வோல்ட்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ஒரு ரெகுலேட்டரையோ, கெப்பாசிட்டரின் பலனை டிரான்சிஸ்டரைக் கொண்டு பெருக்கும் கெப்பாசிட்டன்ஸ் மல்டிப்ளையரையோ வைப்பதே தீர்வு. 33 வோல்ட்டை 27க்கு இறக்கும் ரெகுலேட்டர் தானும் 14 வாட் எரிக்கும், அதற்கும் தனி ஹீட் சிங்க் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஹம் குறையாவிட்டால் சிலர் மூன்று முனை பிளக்கின் எர்த் வயரை வெட்டிவிடுகிறார்கள். இதைத் தவறு என்று சொல்வதுகூட மென்மையான சொல். உலோகப் பெட்டியில் 230 வோல்ட் ஏறினால் ஆளைக் காப்பது அந்த ஒரு வயர்தான். குற்றம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கிரவுண்டு வயரிங்கில் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், முதல் கெப்பாசிட்டர் ஆகிய மூன்றுக்குமிடையே ஓடும் துடிப்பு மின்னோட்டம் அந்த வளையத்துக்குள்ளேயே முடிய வேண்டும். உள்ளீட்டுக் கிரவுண்டையும் ஸ்பீக்கர் கிரவுண்டையும் ரெகுலேட்டருக்குப் பிந்தைய ஒரே புள்ளியிலிருந்து தனித்தனி வயராக எடுக்க வேண்டும். ரெக்டிஃபையரின் நெகட்டிவ் முனையிலிருந்தே எடுத்தால் எவ்வளவு நல்ல ரெகுலேட்டரும் ஹம்மை அடக்காது.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, கருவிக்குப் போகும் மின்னோட்டம் அதன் வழியே ஓடும்படி தொடரிணைப்பில் ஒரு குண்டு பல்பை மாட்டுவது நல்ல பழக்கம். ஆனால் கிளாஸ் ஏ-யில் அது குழப்பும். பழுதே இல்லாவிட்டாலும் இது 80 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும் கருவி. 60 வாட் பல்பு பிரகாசமாக எரிந்து, வோல்ட்டேஜ் ஏறாமல் நின்று, எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்று நினைக்க வைக்கும். முதலில் பவர் சப்ளையை மட்டும் பல்போடு சோதித்துவிட்டு, பிறகு பயஸ் (மௌனத்திலும் ஓடும் மின்னோட்டம்) திருகைக் குறைந்தபட்சத்தில் வைத்து ஒவ்வொரு சேனலாக இணைக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. இழை உள்ள பல்புதான் வேண்டும்.

ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, 8 ஓமுக்குக் கணக்கிட்ட சுற்றில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அதே வோல்ட்டேஜுக்கு இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும்; பயஸ் அதற்குப் போதாது, உரத்த இடங்களில் ஒலி கரகரக்கும். ஸ்பீக்கருக்கு டி.சி. போகாமல் தடுக்கும் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் ஒலியைக் கெடுக்கிறது என்று அதை அகற்றிவிட்டு, பிளஸ், மைனஸ் என இரட்டைச் சப்ளைக்கு மாறுகிறவர்களும் உண்டு. மாறுவது குற்றமல்ல. ஆனால் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் முழு டி.சி. வோல்ட்டேஜும் ஸ்பீக்கர் சுருளில் பாயும். ரிலே வைத்த பாதுகாப்புச் சுற்று இல்லாமல் அந்தக் கெப்பாசிட்டரைத் தொடக் கூடாது. முதல் முறை செய்கிறவர்கள் அது இருக்கும் பழைய வடிவத்தையே எடுத்துக்கொள்வது என் விருப்பம்.

கடைசி வேலை பயஸ் அமைப்பது. சுவிட்சைப் போட்ட ஐந்தாம் நிமிடத்தில் மீட்டர் 1.2 ஆம்பியர் காட்டுகிறது என்று மூடியைத் திருகிவிடுவார்கள். ஹீட் சிங்க் தன் நிலையான சூட்டுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மின்னோட்டம் நகர்ந்திருக்கும். நன்றாகச் சூடேறியபின் திருகைச் சற்றே திருப்பி, இன்னொரு அரை மணி விட்டு மீண்டும் பார்த்து, இரண்டு மூன்று முறையில்தான் நிலைக்கு வரும். மார்கழியில் அமைத்த ஆம்ப்ளிஃபையராக இருந்தால், சித்திரையில் ஒரு பிற்பகல் மின்விசிறியை நிறுத்திவிட்டு மீண்டும் மூடியைத் திறந்து அளக்க வேண்டும்.