பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி தேடுகிறீர்களா? முதலில் ஒரு பத்தி கேளுங்கள்

ஏஜென்சியிடம் பவர்பாயின்ட் கேட்காதீர்கள். உங்கள் தொழிலைப் பற்றி ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து, பத்திரிகைகளுக்கு அனுப்புவது போலத் தமிழில் ஒரு செய்திக் குறிப்பின் தலைப்பும் முதல் பத்தியும் மட்டும் கேளுங்கள். அதற்கு ஒரு சிறு தொகை கொடுத்துவிடுவதுதான் நியாயம்.

அந்த ஒரு பக்கத்தில் யாரைச் சென்றடைய வேண்டும், மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும், எதை வெளியே சொல்லக் கூடாது என்பதெல்லாம் இருக்கட்டும். தொகையை மறைத்தால் ஆளுக்கொரு திட்டம் வரும், ஒப்பிடவே முடியாது.

இது ஏன் பலிக்கிறது? "முன்னணி நிறுவனமான நாங்கள் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்" என்று தொடங்கினால் அது ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது. மாவட்ட நிருபர் அதை மாலை அவசரத்தில் திருத்திக்கொண்டிருக்க மாட்டார். "பண்ருட்டி முந்திரி இனி புதுச்சேரியில் கால் கிலோ பாக்கெட்டில்" என்று வந்தால் எழுதியவருக்கு ஊர் தெரியும். அப்புறம், எழுதியவரே உங்கள் வேலையைப் பார்ப்பாரா என்று கேட்டுவிடுங்கள். உங்கள் தொழில் இந்தப் பகுதியில் என்றால் இன்னொன்று: கடலூரும் புதுச்சேரியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் ஒன்று தமிழ்நாட்டு மாவட்டம், மற்றொன்று யூனியன் பிரதேசம். நிருபர்களும் அதிகாரிகளும் வேறு வேறு. இரண்டு பக்கமும் யாரைத் தெரியும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். காசு கொடுத்துப் போடும் விளம்பரச் செய்தியைப் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

தீபாவளித் தள்ளுபடியை அறிவிக்க மட்டும் என்றால் ஏஜென்சியே வேண்டாம், நேரடி விளம்பரம் போதும். வாங்குபவர்கள் வெளிநாட்டில் இருந்தால் இந்தத் தமிழ்ப் பத்திச் சோதனை உதவாது. அதையே ஆங்கிலத்தில், உங்கள் துறை இதழுக்கு ஏற்றபடி கேளுங்கள்.