புருனேயில் ஒரே ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

தலைநகர் பண்டார் ஸ்ரீ பெகாவானில் பார்க்க வேண்டியவற்றில் பாதி நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. அதனால் தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், நேரத்தைப் பாருங்கள். இந்த ஊர் தொழுகை நேரத்தை ஒட்டி நடக்கிறது.

படி 1: கிழமை

வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்று பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை கடை, உணவகம் எல்லாம் மூடிவிடுவார்கள். விவரம் தெரியாமல் போன நான், பூட்டிய கடை வாசலில் பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தேன். ரமலான் மாதமென்றால், பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

படி 2: பணம், உடை

சிங்கப்பூர் வழியாக வருகிறவர்கள் பணம் மாற்ற வேண்டியதில்லை. 1967 முதல் இரு நாட்டு டாலருக்கும் ஒரே மதிப்பு, சிங்கப்பூர் டாலரே புருனேயிலும் செல்லும். தோளும் முழங்காலும் மறைகிற பருத்தி உடை போதும். லேஸ் கட்டுகிற ஷூ வேண்டாம், நாள் முழுக்கக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

படி 3: காலையில் பள்ளிவாசல்

சுல்தான் ஒமர் அலி சைஃபுத்தீன் பள்ளிவாசலிலிருந்து தொடங்குங்கள். 1958இல் கட்டி முடித்தது. தொழுகை இல்லாத நேரத்தில் மற்ற மதத்தவரையும் உள்ளே விடுகிறார்கள், மேலே போட்டுக்கொள்ள அங்கி தருவார்கள். குளத்தில் நிற்கும் கல் படகையும் தங்கக் குவிமாடத்தையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டுமானால் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

படி 4: கம்போங் ஆயர்

ஆற்றின்மேல் கட்டிய நீர்க் கிராமம் இது. நாளின் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள். கரையில் போய் நின்றாலே போதும், படகுக்காரர் கையசைத்துக் கூப்பிடுவார். அக்கரைக்குப் பெரும்பாலும் ஒரு டாலர்தான். சுற்றிக் காட்டச் சொல்வதானால் ஏறுவதற்கு முன்பே விலை பேசிவிடுங்கள். 1521இல் மெகல்லனின் கப்பல்களோடு வந்த இத்தாலியப் பயணி பிகாஃபெட்டா, உப்புநீருக்குள்ளேயே கட்டிய நகரம் என்று எழுதிவைத்தது இந்த ஊரைத்தான். இன்றும் பள்ளிக்கூடம், பள்ளிவாசல், தீயணைப்பு நிலையம் எல்லாம் கால்நட்டு நீர்மேல் நிற்கின்றன. பலகைப் பாதையில் நடக்கும்போது கீழே பார்த்து நடங்கள், சில பலகை ஆடும். வாசலில் பூந்தொட்டி, அதன் நிழலில் ஒரு பூனை, பாதையோரமாகவே ஓடும் தண்ணீர்க் குழாய். இவை மக்கள் குடியிருக்கிற வீடுகள், எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

படி 5: உச்சி வெயிலுக்கு அருங்காட்சியகம்

அரச சின்னங்களின் அருங்காட்சியகத்தில் ஏசி உண்டு, அதுவே பாதி காரணம். சுல்தான் ஹசனல் போல்கியா ஊர்வலம் போன ரதத்தைப் பாருங்கள். செருப்பை வெளியே விடவேண்டும். பெரும்பாலான கூடங்களில் கேமராவுக்கு அனுமதி இல்லை.

அரண்மனைக்குள் போக ஆசைப்பட வேண்டாம். 1,788 அறை இருந்தும், நோன்புப் பெருநாளையொட்டிச் சில நாள் மட்டுமே பொதுமக்களுக்குத் திறக்கும்.

படி 6: மாலையில் குரங்கும் சாப்பாடும்

வெயில் தாழ்ந்ததும் மறுபடி படகேறி ஆற்றோரச் சதுப்புக்காட்டுப் பக்கம் போனால் நீளமூக்குக் குரங்குகள் தென்படலாம். பிறகு காடோங் இரவுச் சந்தை. சோறு, பொரித்த கோழி, சம்பல் சேர்ந்த நாசி கத்தோக் பொட்டலம் மலிவு, வயிறும் நிறையும். அம்புயாட் கிடைத்தால் விடாதீர்கள். சேகோ பனைத் தண்டின் மாவில் கிண்டிய பசை அது. இரட்டை மூங்கில் குச்சியில் சுருட்டி, புளிப்புக் காரச் சாற்றில் முக்கி, மெல்லாமல் விழுங்க வேண்டும். கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.