வாஷிங்டன் வானத்தில் சின்ன விமானம் ஓட்ட நினைப்பவர்களுக்கு

மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்க் விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஒரே ஓடுபாதை, வரிசையாக நிற்கும் செஸ்னாக்கள், அவ்வளவுதான். ஆனால் அது வாஷிங்டனைச் சுற்றிய 30 கடல் மைல் வட்டத்துக்குள் இருக்கிறது. அதனால் அமெரிக்காவிலேயே மிகக் கறாரான வான் விதிகள் அங்கே இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கும் உண்டு. ஒன்பது வருடமாக வார இறுதிகளில் அங்கிருந்துதான் பறக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, நம்மளை எல்லாம் ஓட்ட விடுவாங்களா?"

விடுவார்கள். முதலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.வின் அனுமதி வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் பாஸ்போர்ட்டைப் பயிற்சியாளரிடம் காட்டினால் போதும். பார்த்ததாக அவர் குறித்து வைப்பார். எச்-1பி, கிரீன் கார்டு என்றால் பயிற்சியைத் தொடங்கும் முன்பே டி.எஸ்.ஏ.வின் இணையதளத்தில் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, பாதுகாப்புச் சோதனையை முடிக்க வேண்டும். 2024-இல் வந்த புதிய விதிப்படி இந்த ஒப்புதல் ஐந்து வருடம் செல்லும். ஒப்புதல் வரும்வரை ஆசைக்கு ஒருமுறை கூட்டிப்போகும் அறிமுகப் பறத்தல் மட்டும் போகலாம். "பேப்பர் வந்துவிடும், ஆரம்பிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

உரிமம் வாங்க 17 வயதும் குறைந்தது 40 மணி நேரப் பறத்தலும் வேண்டும். நடைமுறையில் அறுபதைத் தாண்டும், மனம் தளராதீர்கள். உரிமம் கைக்கு வந்தபின் பையில் எப்போதும் மூன்று இருக்க வேண்டும்: உரிம அட்டை, மருத்துவச் சான்று, அரசாங்கப் புகைப்பட அடையாள அட்டை. மூன்றாவது 9/11-க்குப் பிறகு வந்த விதி. வீடு மாறினால் 30 நாளுக்குள் விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வுக்குச் சொல்லுங்கள். வாடகை வீடுகளில் மாறி மாறி இருக்கும் நாம் அதிகம் மறப்பது இதைத்தான்.

சரி, இப்போது அந்த வட்டம். 2003-இல் தற்காலிகமாக வந்தது, 2009-இல் நிரந்தரமானது. சிறப்பு விமான விதிப் பகுதி என்பது பொருள், பேச்சில் எல்லோருக்கும் எஸ்.எஃப்.ஆர்.ஏ. தரையிலிருந்து 18,000 அடிக்குக் கீழே வரை இதன் எல்லைக்குள். வாஷிங்டனிலிருந்து 60 கடல் மைலுக்குள் கண்பார்வை விதியில், அதாவது வெளியே கண்ணால் பார்த்தபடி, பறக்கும் எந்த விமானியும் எஃப்.ஏ.ஏ.வின் இலவச இணையப் பாடம் ஒன்றை முடித்திருக்க வேண்டும். ஒருமுறை முடித்தால் போதும், சான்றிதழை அச்செடுத்துப் பறக்கும் பையில் போட்டுவிடுங்கள்.

வட்டத்துக்குள் மூன்று வேண்டும்: பதிவு செய்த எஸ்.எஃப்.ஆர்.ஏ. பறத்தல் திட்டம், தரையில் இருக்கும் விமானக் கன்ட்ரோலருடன் இருவழி ரேடியோ பேச்சு, அவர் உங்களுக்கென்று தரும் நான்கு இலக்க ட்ரான்ஸ்பாண்டர் எண். ட்ரான்ஸ்பாண்டர் என்பது ரேடாருக்கு நம் விமானத்தை அடையாளம் காட்டும் கருவி. மற்ற ஊர்களில் கண்பார்வை விதியில் பறப்பவர்கள் வைக்கும் பொது எண்ணான 1200-ஐ இங்கே வைக்கவே கூடாது. கெய்தர்ஸ்பர்க்கில் நான் என்ஜினைப் போடுவதற்கு முன்பே இந்தப் பகுதி வானத்தைக் கவனிக்கும் பொடோமாக் கட்டுப்பாட்டைக் கூப்பிட்டு எண்ணை வாங்கி முழங்கால் பலகையில் எழுதிக்கொள்வேன். சக்கரம் தரையை விடும்போது அந்த எண் ட்ரான்ஸ்பாண்டரில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் புதியவர்கள் வழுக்குவதைப் பார்க்கிறேன். எண் கிடைத்துவிட்டது என்பதற்காக பெரிய விமானங்களுக்கான கிளாஸ் பி வானத்தில் நுழைய முடியாது. அதற்கு "கிளியர்டு இன்டு தி பிராவோ" என்று உங்கள் விமான எண்ணோடு காதில் விழ வேண்டும். அப்புறம், எஸ்.எஃப்.ஆர்.ஏ. திட்டம் பாதுகாப்புக்காக மட்டும். நீங்கள் போய்ச் சேராவிட்டால் அதை வைத்து யாரும் தேடி வர மாட்டார்கள். தேடுதல் வேண்டுமென்றால் வழக்கமான பறத்தல் திட்டத்தையும் தனியாகப் போடுங்கள்.

உள்ளே இன்னொரு சின்ன வட்டம், சுமார் 15 கடல் மைல். அங்கே நம்மைப் போன்றவர்கள் நினைத்தபடி போக முடியாது. 1909-இல் வில்பர் ரைட் ராணுவ அதிகாரிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த காலேஜ் பார்க் விமான நிலையம் அதற்குள்தான் இருக்கிறது. பின்னணிச் சோதனை முடித்து ரகசிய எண் வாங்கியவர்கள் அங்கே இறங்கலாம். என் எண் வந்த மாதமே போய் இறங்கினேன். அந்த அலைச்சல் முழுக்கத் தகும்.

வட்டத்துக்கு வெளியே போனாலும் கவனம் வேண்டும். மேரிலாந்தின் ஃபிரெடெரிக் ஊருக்கு வடக்கே, அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட் மேலே எப்போதும் தடை. அதிபர் அங்கே வந்தால் அந்தத் தடை விரியும். பால்டிமோரில் பெரிய ஆட்டம் நடந்தால் மைதானத்தைச் சுற்றி 3 கடல் மைல், 3,000 அடி உயரம் வரை, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை போகக் கூடாது. இந்தத் தற்காலிகத் தடைகளை முந்தைய இரவு பார்த்தது போதாது. விமானத்தில் ஏறும் முன் இன்னொரு முறை பாருங்கள். காலையில் இல்லாதது மத்தியானம் வந்திருக்கும்.

தப்பித்தவறி அனுமதியில்லாமல் வாஷிங்டன் வட்டத்துக்குள் போய்விட்டால் தரையிலிருந்து சிவப்பு, சிவப்பு, பச்சை என்று லேசர் மின்னும். கன்ட்ரோலருடன் பேசிக்கொண்டிருந்தால் உடனே சொல்லுங்கள். இல்லையென்றால் நகரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி அவசர ரேடியோ அலைவரிசையான 121.5-இல் கூப்பிடுங்கள். பக்கத்தில் போர் விமானமோ ஹெலிகாப்டரோ வந்து இறக்கையை ஆட்டினால், நீங்களும் இறக்கையை ஆட்டிவிட்டுப் பின்னாலேயே போக வேண்டும். ஓட நினைக்காதீர்கள்.

நானும் தவறியிருக்கிறேன். ஒஹையோவில் கற்றவன் நான். அங்கே கன்ட்ரோலர் அலைவரிசை மாற்றிக்கொள்ளச் சொன்னதும் கை தானாக 1200-க்குப் போகும். இங்கே வந்த முதல் வருடம் ஃபிரெடெரிக்கிலிருந்து திரும்பி இறங்கும்போது அதையே செய்தேன். இறங்கியதும் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்று செய்தி வந்தது. பேசும்போது கை நடுங்கியது. நடந்ததை அப்படியே சொன்னேன், மறுபயிற்சியோடு முடிந்தது. அன்றிலிருந்து டேப்பில் "தரை தொடும்வரை மாற்றாதே" என்று எழுதி ட்ரான்ஸ்பாண்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

அன்று மாலையே நாசாவின் விமானப் பாதுகாப்பு அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். தெரியாமல் செய்த தவறை 10 நாளுக்குள் அதில் எழுதினால், விதிமீறல் பதிவானாலும் தண்டனையிலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு. படிவத்தின் மேல்பகுதியைப் பெயரோடு கிழித்து உங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். அந்தத் துண்டுதான் நீங்கள் அறிக்கை கொடுத்ததற்கான சாட்சி. அதைப் பறத்தல் பதிவேட்டின் பின்னட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.