ஒரு நாளில் எவ்வளவு மண் விழுங்குகிறோம்? கணக்குப் போடும் முறை

விரல் சூப்பும் குழந்தை மட்டுமில்லை, வீட்டுத் தூசி, சரியாகக் கழுவாத கீரை வழியாக நாம் எல்லாருமே தெரியாமல் கொஞ்சம் மண் விழுங்குகிறோம். அளக்க வேண்டிய இடம் வாய் அல்ல, மலம். அலுமினியம், சிலிக்கான், டைட்டானியம் மூன்றும் மண்ணில் தாராளம், மண்ணோடு போகும்போது குடலோ அவற்றை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். அதனால் மண்ணோடு உள்ளே போனது அப்படியே மலத்தில் வந்துவிடும்.

முதலில் புழங்கும் இடத்து மண்ணைக் காயவைத்துச் சலியுங்கள். 250 மைக்ரான் சல்லடைதான் பழைய வழக்கம். கையில் ஒட்டுவது நுண்துகள் என்பதால் நான் 150-ஐத்தான் சொல்வேன்.

அப்புறம் சில நாள் மலம் முழுவதும், சாப்பிட்ட ஒவ்வொன்றிலும் அதே அளவு இன்னொரு பங்கும் சேகரிக்க வேண்டும். சாப்பாட்டிலும் இவை கொஞ்சம் உண்டு, மலத்தின் கணக்கிலிருந்து அதைக் குறைக்க வேண்டும். இன்று சாப்பிட்டது நாளைதான் வெளியே வரும், அதனால் ஒரு நாள் மலத்தின் கணக்கிலிருந்து முந்தின நாள் சாப்பாட்டின் கணக்கைக் குறையுங்கள்.

ஆள் தடுமாறுவது ஆய்வகத்தில்தான். மண்ணை ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்தால் சிலிக்கேட்டுக்குள் இருக்கும் அலுமினியம் முழுதாக வராது. கடைசியில் நாம் வகுக்கும் எண், அதாவது ஒரு கிராம் மண்ணில் உள்ள அலுமினியம், சின்னதாகி, விழுங்கிய மண் வீங்கித் தெரியும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கரைத்துவிடும், ஆனால் சிலிக்கானை ஆவியாக்கி விரட்டும், ஆபத்தும் கூட. லித்தியம் போரேட்டோடு உருக்கித் தரச் சொல்லுங்கள், மண், மலம், சாப்பாடு மூன்றுக்கும் ஒரே முறையில்.

கணக்கு எளிது, எக்செல் போதும். உதாரணமாக, ஒரு நாள் மலத்தில் அலுமினியம் 12 மி.கி., சாப்பாட்டில் 5. மீதி 7. ஒரு கிராம் மண்ணில் 70 மி.கி. இருந்தால் 7/70, அதாவது 0.1 கிராம் மண்.

டைட்டானியத்தை மட்டும் நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் ஈஸ்ட் ஹெலினாவில், ஈய உருக்காலைப் பக்கத்துக் குழந்தைகளின் டயாப்பரை வைத்துச் செய்து 1986-இல் வெளியான ஆய்வில், அலுமினியமும் சிலிக்கானும் நாளுக்குச் சுமார் 180 மி.கி. மண் என்றன, டைட்டானியம் 1,800-ஐத் தாண்டியது! சாப்பாட்டில் வந்ததை அதில் கழிக்கவே இல்லை. பல பற்பசைகளிலும் மிட்டாய்ப் பூச்சுகளிலும் வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறதே.

பின்சேர்க்கை: பெரியவர் ஒருவருக்கு ஒரே ஒரு நாள் மட்டும் விழுங்கிய மண் கிராம் கணக்கில் வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். நெஞ்செரிச்சலுக்கு மருந்து குடித்தாரா என்று பாருங்கள். அந்த சிரப்புகள் பலவற்றில் அலுமினியம் ஹைட்ராக்சைடு உண்டு, 250 மி.கி. உள்ளே போனால் அதில் அலுமினியமே சுமார் 86 மி.கி., மேலே சொன்ன மண்ணில் 1.2 கிராமுக்குச் சமம். மருந்தையும் சாப்பாட்டுப் பட்டியலில் சேருங்கள், இல்லை அந்த நாளையே விட்டுவிடுங்கள்.