பழைய அனிமேவை அதற்குரிய தரத்தில் பார்ப்பது எப்படி

அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷனின் நெடுநாள் ரசிகர்கள் பலர் 1970களிலிருந்து 2000 வரை வந்த தொடர்களையே திரும்பத் திரும்பத் தேடிப் போகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு அந்தப் பக்கம் வருகிற புதியவர்களோ, இரண்டு எபிசோடு பார்த்துவிட்டு "படம் மங்கல், கதை நகரவே மாட்டேன் என்கிறது" என்று விலகிவிடுகிறார்கள். முதல் குறை பெரும்பாலும் தொடருடையது அல்ல. கைக்குக் கிடைத்த பிரதியோ டிவி அமைப்போ செய்த கோளாறு அது. இரண்டாவது, பார்க்கும் வேகத்தைப் பொறுத்தது. இவற்றைச் சரிசெய்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் ரசனை. சரிசெய்யாமலே ஒதுக்குவதுதான் வீண் இழப்பு.

முதலில் பிரதி

அன்றைய அனிமேவை ஒளி ஊடுருவும் செல் தாள்களில் வண்ணம் தீட்டி, ஓவியப் பின்னணியின் மேல் அடுக்கி, ஒவ்வொரு ஃப்ரேமாகக் கேமராவில் பிடித்தார்கள். டிவி தொடர்களுக்குப் பெரும்பாலும் 16 மி.மீ. பிலிம், திரைப்படங்களுக்கு 35 மி.மீ. அந்தப் பிலிம் கெடாமல் இருந்தால் இன்றைய ஸ்கேனரில் மறுபடி ஓட்டி, அன்று டிவியில் யாரும் பார்த்திராத துல்லியத்தை எடுக்க முடியும். 1990களின் பிற்பகுதியில் ஸ்டுடியோக்கள் கணினியில் வண்ணம் தீட்டத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் கிட்டத்தட்ட எல்லோரும் மாறிவிட்டார்கள். 'சசாயே-சான்' மட்டும் 2013 வரை செல்லை விடவில்லை.

பலர் ஏமாறுவது இந்த மாற்றக் காலத்துத் தொடர்களில்தான். ஏறத்தாழ 2000 முதல் 2005 வரை கணினியில் தயாரான டிவி தொடர்கள் பலவும் அன்றைய சாதாரண டிவித் தரத்திலேயே முடிக்கப்பட்டவை. திரும்ப ஸ்கேன் செய்ய அவற்றுக்குப் பிலிம் கிடையாது. உறையில் ப்ளூ-ரே என்று இருந்தாலும் உள்ளே இருப்பது பெரிதாக்கிய படம். அதனால் 1998இல் வந்த 'கௌபாய் பீபாப்', ஐந்தாண்டு கழித்து வந்த தொடர் ஒன்றைவிடத் தெளிவாகத் தெரிந்தால் வியக்க வேண்டாம். செல்லில் தயாரான தொடர் என்றால் பிலிமிலிருந்து புதிதாக எடுத்த ப்ளூ-ரேவைத் தேடுங்கள். மாற்றக் காலத்துத் தொடர் என்றால் நல்ல டிவிடியே போதும், மேலதிகப் பணம் வேண்டாம்.

பிரதி கைக்கு வந்ததும் முழு எபிசோடைப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் சோதியுங்கள். நிலா, வண்டிச் சக்கரம், கடிகாரம் என வட்டமான ஏதாவது வரும் இடத்தில் நிறுத்துங்கள். அது முட்டை வடிவில் தெரிந்தால், பழைய டிவியின் 4:3 விகிதப் படத்தை இன்றைய அகலத் திரையின் 16:9க்கு இழுத்திருக்கிறார்கள். பிளேயரில் விகிதத்தை மாற்றினால் இது சரியாகிவிடும். வட்டம் வட்டமாகவே இருந்து, படம் திரையின் அகலம் முழுக்க நிறைந்திருந்தால் நிலைமை அதைவிட மோசம்: மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். 4:3 படத்தை 16:9 ஆக்க உயரத்தில் கால் பங்கை வெட்ட வேண்டும். நெற்றி துண்டாவதும், எழுத்துகள் விளிம்பில் ஒட்டுவதும், இருவர் எதிரெதிரே நிற்கும் காட்சியில் கால்களும் தரையும் காணாமல் போவதும் அதன் அடையாளங்கள். வெட்டியதை எந்த அமைப்பாலும் மீட்க முடியாது. வேறு பிரதிதான் ஒரே வழி. சரியான 4:3 பிரதியில் இடமும் வலமும் கறுப்புப் பட்டை இருக்கும். அது இருக்கவே வேண்டும்.

அடுத்து, வெறும் வானம் அல்லது வெள்ளைச் சுவர் வரும் இடத்தைப் பாருங்கள். பிலிமில் எடுத்த படத்தில் நுண்துகள்கள் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். அந்தத் துகள்களைக் கணினியால் துடைத்து எடுத்த பிரதிகள் உண்டு. முதல் பார்வைக்கு 'சுத்தமாக' இருக்கும். ஆனால் அந்த மென்பொருளுக்குத் துகளும் தெரியாது, பென்சில் கோடும் தெரியாது. தூரத்தில் நிற்கும் ஆளின் கண், மூக்கு, மெல்லிய முடிக்கோடு எல்லாம் துகளோடு சேர்ந்து போய்விடும். வேகமான அசைவில் கோடு பாதியில் அறுந்து தெரிந்தால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். பிலிம் துகளோடு கூடிய பிரதி சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் அதுவே மேல்.

டிவிடியில் இன்னொரு சிக்கல் வரும். பிலிம் வினாடிக்கு 24 ஃப்ரேம். ஜப்பானிய டிவியோ ஏறத்தாழ 30. இரண்டையும் பொருத்த ஃப்ரேம்களை அரை அரையாகப் பிரித்துக் கலப்பார்கள். அதனால் ஐந்து ஃப்ரேமில் மூன்று சுத்தமாகவும் இரண்டில் சீப்புப் பல் போன்ற கோடுகளோடும் தெரியும். விஎல்சி பிளேயரில் வீடியோ மெனுவுக்குள், இந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கி, முறைகளில் 'ஃபிலிம் என்டிஎஸ்சி' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மூல 24 ஃப்ரேமைத் திரும்பக் கோத்துத் தருவது அதுதான். அதே பட்டியலில் உள்ள வழக்கமான 'யாடிஃப்' முறையும் கோடுகளை மறைக்கும். ஆனால் நடை சற்றுத் தடுமாறும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

டிவியில் எதை அணைக்க வேண்டும்

முதலில் அசைவை மென்மையாக்கும் வசதி. கம்பெனியைப் பொறுத்து ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர் மாறும். முற்றிலும் அணைத்துவிடுங்கள். காரணம் இது: டிவி அனிமேயில் ஒரு ஓவியத்தைப் பெரும்பாலும் மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்திவைப்பார்கள், வினாடிக்கு எட்டு ஓவியம். 1963இல் ஒசாமு தெசூகாவின் முஷி ஸ்டுடியோ 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை வாரம் தவறாமல் கொடுக்கக் கையாண்ட சிக்கன முறை பின்னால் ஒரு கலையாகவே வளர்ந்தது. எந்த ஓவியம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எது சட்டென மாற வேண்டும் என்பதை அனிமேட்டர் திட்டமிட்டிருக்கிறார். டிவி நடுவே இல்லாத ஓவியங்களைச் செருகினால் சண்டையில் விடும் குத்து, குத்தாகவே இருக்காது, தண்ணீருக்குள் கை அசைப்பதாகிவிடும். இணையத்தில் '60 ஃப்ரேம்' என்று உலவும் பிரதிகளையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

கூர்மையை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். சில டிவிகளில் நடுநிலை பாதி அளவில் இருக்கும். கோட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு மறையும் இடம்தான் சரியான அளவு. வண்ண வெப்பத்தை 'வார்ம்' பக்கம் வையுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே பொத்தானில் முடித்துவிடலாம். ஒலியைப் பொறுத்தவரை, அந்தக் காலத் தொடர்கள் பல மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. மூல மோனோவும் பல ஸ்பீக்கர்களுக்காகப் புதிதாகக் கலந்த 5.1உம் இரண்டும் இருந்தால் முதலில் மோனோவில் கேளுங்கள். மறுகலவையில் சில நேரம் ஒலி விளைவுகளையே மாற்றிவிடுகிறார்கள்.

எந்த வடிவம், எந்த வரிசை

பழைய தொடர்களுக்குப் பல வடிவங்கள் இருக்கும். எதில் தொடங்குவது என்று தெரியாமல் தவறான வாசலில் நுழைபவர்கள் நிறைய. 1979இன் 'மொபைல் சூட் கண்டம்' 43 எபிசோடில் நின்றது. 1981-82இல் அதை மூன்று திரைப்படங்களாகச் சுருக்கினார்கள். மூன்றாவதில் புதிதாக வரைந்த பகுதி அதிகம். நேரம் குறைவென்றால் மூன்று படங்களே போதும். 'எவாஞ்சலியன்' (1995-96) என்றால் 26 எபிசோடு, பிறகு 1997இன் 'எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்'. 21 முதல் 24 வரையிலான எபிசோடுகளுக்கு இயக்குநரின் நீட்டிய வடிவம் உண்டு, அதையே பாருங்கள். இடையில் வந்த தொகுப்புப் படத்தை விட்டுவிடலாம். 'லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்' 110 எபிசோடு என்று பயமுறுத்தும். 1988இன் முதல் திரைப்படம், அடுத்து 1993இன் 'ஓவர்ச்சர்' படம், பிறகு நேராக 3ஆவது எபிசோடு என்று போங்கள். முதல் இரண்டு எபிசோடுகளின் கதையை அந்த இரண்டாம் படம் விரிவாகவும் அழகாகவும் சொல்லிவிடுகிறது.

'டிராகன் பால் இசட்' 291 எபிசோடு நீண்டதற்குக் காரணம் எளிது: வாரந்தோறும் வந்த மூல மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) அனிமே எட்டிப்பிடித்துவிடும் என்பதால் சண்டைகளை இழுத்தார்கள். 2009இல் தொடங்கிய 'காய்' வடிவம் அந்த இழுவையை வெட்டியது. கதை மட்டும் போதுமென்றால் அது. ஷுன்சுகே கிகுச்சியின் மூல இசையோடு அந்தக் காலக் காற்றும் வேண்டுமென்றால் பழையதையே ஜப்பானிய ஒலியில் பாருங்கள். அமெரிக்க டப்பில் பின்னணி இசையையே மாற்றியிருந்தார்கள்.

புதிய தொடர்களுக்குப் பழகிய கண் ஒரேயடியாக 1970களுக்குத் தாவக் கூடாது. படிப்படியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். 26 எபிசோடு 'பீபாப்' நல்ல முதல் படி. அடுத்து ஆறே எபிசோடு கொண்ட ஓவிஏக்கள், அதாவது டிவிக்கு அல்லாமல் நேராக வீடியோவாக வெளியிட்ட தொடர்கள்: 1988இன் 'கன்பஸ்டர்', 1989இன் 'கண்டம் 0080: வார் இன் தி பாக்கெட்'. பின்னதைப் பார்க்க முந்தைய கண்டம் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. அதன் பிறகு 'ரோஸ் ஆஃப் வெர்சாய்'. அதில் 19ஆவது எபிசோடில் ஒசாமு தெசாகி இயக்கத்தை ஏற்ற பிறகு காட்சிமொழியே மாறும்: உச்சக் கணத்தில் அசைவு நின்று, பேஸ்டல் ஓவியமாக உறையும், ஒரே அசைவை மூன்று முறை அடுத்தடுத்துக் காட்டுவார். முதல் சில எபிசோடுகளை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள்.

வேகம்

50 எபிசோடுத் தொடரை ஒரு வார இறுதியில் முடிக்க முயல்வதுதான் மிகப் பெரிய தவறு. அவை வாரம் ஒன்றாக, ஓராண்டு முழுக்கப் பார்க்க எழுதப்பட்டவை. ஒவ்வொரு எபிசோடிலும் முன்கதையை நினைவூட்டுவார்கள், உருமாற்றக் காட்சிகளைத் திரும்பப் பயன்படுத்துவார்கள். வாரம் ஒரு முறை பார்த்தவருக்கு அது பழகிய ஒரு மகிழ்ச்சி. ஒரே நாளில் எட்டு பார்ப்பவருக்குச் சலிப்பு. நாளுக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கதைச் சுருக்கத்தைத் தாண்டலாம், தவறில்லை. 90 வினாடி ஓப்பனிங்கை முதல் மூன்று முறையாவது முழுதாகப் பாருங்கள். பாடல் மாறும்போது மறுபடியும். ஆனால் 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டவே கூடாது. 1974இன் 'ஹைடி'யில் பாலாடைக்கட்டி உருகும் நேரம், வைக்கோல் படுக்கை விரிக்கும் நேரம்தான் கதை. அதன் இயக்குநர் இசாவோ தகாஹாதா அந்தத் தொடருக்காகக் குழுவோடு சுவிட்சர்லாந்துக்கே போய்ப் பார்த்து வந்தார். அந்த உழைப்பை ஓட்டிக் கடந்தால் மிஞ்சுவது கதைச்சுருக்கம் மட்டுமே.

இடையில் ஒரு எபிசோடு மட்டும் முகமெல்லாம் கோணலாக இருந்தால் கைவிட வேண்டாம். நீண்ட தொடர்களில் பல குழுக்கள் சுழற்சி முறையில் வேலை செய்தன. ஓவிய மேற்பார்வையாளர் மாறினால் முகமும் மாறும். எபிசோடு பிடித்திருந்தால் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைக் குறித்துவையுங்கள். சில வாரத்தில் அதே பெயர் திரும்ப வரும். 'லூபான்' இரண்டாம் தொடரின் 145, 155ஆம் எபிசோடுகள் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிவதும் இதனால்தான். அவற்றைப் புனைபெயரில் இயக்கியவர், பின்னாளில் திரைப்படங்களால் புகழ்பெற்ற ஹயாவோ மியாசாகி.

பழையது பிடிக்கிறதா, பழைய நினைவு பிடிக்கிறதா

சிறு வயதில் பார்த்ததை வைத்து இதைச் சோதிக்க முடியாது. இதுவரை பார்க்காத 1980களின் தொடர் ஒன்றையும் இந்த ஆண்டின் தொடர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்: காதலுக்குக் காதல், ரோபோவுக்கு ரோபோ. புகழ்பெற்ற பழையதையும் கண்ணில் பட்ட புதியதையும் மோதவிடுவது நியாயமில்லை. காலம் சலித்து மிச்சம் வைத்தது ஒரு பக்கம், சலிக்காத குவியல் மறுபக்கம் என்றாகிவிடும். இரண்டிலும் நான்கு எபிசோடு பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மறுநாள், திரும்பப் பார்க்காமல், நினைவில் நிற்கும் ஒரு காட்சி, ஒரு ஒலி, ஒரு வசனம் எழுதுங்கள். புதியதை டிவி ஒளிபரப்புக்கான பிரதியில் பார்ப்பதானால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: 1997 டிசம்பரில் 'போக்கிமான்' எபிசோடு ஒன்றின் ஒளிச் சிமிட்டலால் ஜப்பானில் பல நூறு குழந்தைகள் பாதிக்கப்பட்ட பிறகு, மின்னும் காட்சிகளை ஒளிபரப்பில் மங்கவைக்கிறார்கள். அந்த மங்கலைத் தொடரின் குறையாகக் கணக்கிடாதீர்கள்.

குறிப்புகளைப் படித்தால் அடுத்த தொடர் தானே தெரியும். பின்னணி ஓவியமும் வெளிச்சமுமே திரும்பத் திரும்ப வந்தால் ஷிச்சிரோ கோபயாஷி கலை இயக்கிய 'உதேனா' (1997). மனிதர்கள் மெல்ல மாறுவது பிடித்திருந்தால் 96 எபிசோடு 'மெய்சோன் இக்கோகு', அல்லது தகாஹாதாவின் 50 எபிசோடு 'ஆன்' (1979). உறைந்து நிற்கும் கணங்கள் என்றால் தெசாகியின் 'அஷிதா நோ ஜோ 2'. பழைய தொடரின் பக்கத்தில் ஒன்றுமே எழுதத் தோன்றவில்லை என்றால் இன்னும் நான்கு எபிசோடு கொடுங்கள். அப்போதும் காலியாகவே இருந்தால் நிறுத்திவிட்டு, அதே ஆண்டில் வேறொரு இயக்குநர் செய்ததை எடுங்கள்.