வாக்கியக் கணக்கு நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டீச்சர், இது கூட்டலா, கழித்தலா?" வாக்கியக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். நாமும் பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறோம். யோசிக்க வேண்டிய பகுதி அத்தோடு தீர்ந்தது. பிள்ளைக்கு மிச்சம் இருப்பது இரண்டு எண்ணைக் கூட்டுகிற வேலை மட்டும்தான். "கணக்கில் என்ன நடக்கிறது? உன் வார்த்தையில் சொல்" என்று கேள்வியைத் திருப்பிவிடுவது நல்லது.

'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டுவது இதைவிடப் பெரிய தவறு என்பேன். சின்ன வகுப்பில் அந்தக் குறுக்குவழி நன்றாகவே வேலை செய்யும், ஆபத்தே அதுதான். இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: கவிதாவிடம் 12 பென்சில்கள் உள்ளன. இது மாலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மாலாவிடம் எத்தனை?

'அதிகம்' கண்ணில் பட்டதுமே 17 என்று எழுதிவிடும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். "தப்பு, கழிக்கணும்" என்று திருத்தினால் அந்தக் கணக்கு சரியாகும், அடுத்த கணக்கில் மறுபடி அதே கதைதான். அதற்குப் பதில், யாரிடம் அதிகம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் நோட்டில் நீளமாக ஒரு பட்டை, குட்டையாக ஒரு பட்டை வரையச் சொல்லி, எது யாருடையது என்று பேர் எழுத வையுங்கள். நீளப் பட்டைக்குள் 12 என்று எழுதிவிட்டு, குட்டைப் பட்டைக்குள் 17 போடப் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கை வராது. கழித்தல் என்று நாம் சொல்லவே வேண்டியதில்லை.

கழித்தல் பாடத்தின் கடைசியில் வரும் கணக்கெல்லாம் கழித்தல்தான் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். படிக்காமலே போட்டுவிடலாம். நடுவில் பழைய பாடத்துக் கணக்கு இரண்டைச் சொருகுங்கள். தேவையில்லாத எண் ஒன்று இருக்கட்டும். சில சமயம் தேவையான எண்ணே இல்லாமல் கொடுங்கள். "இதைப் போட முடியாது" என்பதும் ஒரு விடைதான் என்று பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டுமே!

1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கு கேட்டார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் கேப்டனின் வயது என்ன? பெரும்பாலோர் ஆடுகளை வைத்தே கணக்குப் போட்டு ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். 2018-ல் சீனாவில் ஐந்தாம் வகுப்புத் தேர்வு ஒன்றில் இதே கேள்வி வந்து பெரிய விவாதமானது.

விடை வந்ததும் அடிக்கோடு போட்டு நகர்ந்துவிடுவது அடுத்த தவறு. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் 13 வயது மாணவர்களுக்கு நாடு தழுவிய தேர்வில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஒரு பஸ்ஸில் 36 வீரர்கள் போகலாம், 1,128 வீரர்களுக்கு எத்தனை பஸ் வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். 32 என்று சரியான விடை சொன்னவர்களோ 23 சதவீதம்தான். நிறையப் பேர் '31, மீதி 12' என்றே எழுதிவிட்டார்கள். அந்த 12 பேர் எப்படிப் போவார்கள் என்று யாரும் அவர்களைக் கேட்டுப் பழக்கவில்லை போலும்.

நம் வகுப்பில் இதற்கு முட்டை அட்டை போதும். ஓர் அட்டையில் 30 முட்டை, கையில் 100 முட்டை. எல்லாவற்றையும் அடுக்க எத்தனை அட்டை வேண்டும்? 4. எத்தனை அட்டை முழுசாக நிரம்பும்? 3. கடைசி அட்டையில் எத்தனை இருக்கும்? 10. வகுத்தல் ஒன்றுதான், விடை மூன்று. கேள்வி என்ன கேட்கிறது என்று பார்க்காமல் எழுத முடியாது.

இன்னொன்று, "எப்படி வந்தது?" என்று தப்பான விடைக்கு மட்டும் கேட்பது. கொஞ்ச நாளில் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்ட நொடியே கை ரப்பரைத் தேடும், சரியான விடையையும் அழித்துவிடும். சரியாகப் போட்டவர்களிடமும் கேளுங்கள். வேறு வழியில் போட்டவர் யார் என்றும் கேளுங்கள்.

போர்ஷன் முடிக்க வேண்டுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனாலும் பத்துக் கணக்கை ஓட்டுவதைவிட இரண்டு கணக்கைப் பேசித் தீர்ப்பது மேல். ஒரு நாள் '100 முட்டை, அட்டைக்கு 30' என்று மட்டும் எழுதிப் போட்டு, இதில் என்னென்ன கேள்வி கேட்கலாம் என்று பிள்ளைகளிடமே விட்டுப் பாருங்கள். அந்தப் பீரியட் அதிலேயே ஓடிவிடும்.